ஓவர்சியர் பதில்கள்: பதினாலு மாடியும் பந்தக்காலும்

போன இதழில் தூண் வைப்பது பற்றி எழுதும்போது சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போனேன். 'பன்னிரண்டு மாடி' என்று அதில் எழுதியதற்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதம். 'அது பதினாலு மாடி' என்று சிலர் கோபமாகக்கூட எழுதியிருந்தார்கள். அதனால் சமையலறைச் சாய்மானம், செப்டிக் டேங்க் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன். அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: உலகத்தின் முதல் வானளாவிய கட்டடம் சிகாகோவில் கட்டப்பட்டது என்று படித்தேன். அதற்கு முன்னால் ஏன் யாரும் அத்தனை உயரம் கட்டவில்லை? (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

நீங்கள் படித்தது ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் பற்றியதாக இருக்கும். 1885-இல் முடிந்தது. பத்து மாடி, 138 அடி. வடிவமைத்தவர் வில்லியம் லி பேரன் ஜென்னி. 1891-இல் மேலே இரண்டு மாடி சேர்த்தார்கள். 1931-இல் இடித்துவிட்டார்கள். அதைத்தான் 'முதல்' என்று சொல்ல வேண்டுமா என்று வல்லுநர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டாம்.

ஏன் முன்னால் கட்டவில்லை என்றீர்களே, அதற்கு இரண்டு காரணம். ஒன்று கால் வலி. நாலைந்து மாடிக்கு மேல் தினமும் ஏற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் கீழே விழாமல் பிடித்து நிறுத்தும் அமைப்பை எலிஷா ஓடிஸ் கண்டுபிடித்து, 1857-இல் நியூயார்க்கில் ஒரு கடையில் ஆட்கள் ஏறும் லிஃப்ட் வந்த பிறகுதான் மேல்மாடிக்கு வாடகையே கிடைக்க ஆரம்பித்தது. 

இரண்டாவது காரணம் சுவர். சுவரே சுமையைத் தாங்க வேண்டுமென்றால், மேலே ஒவ்வொரு மாடி ஏற ஏற அடியில் சுவர் தடித்துக்கொண்டே போகும். கும்பகோணத்துப் பழைய மாடி வீடுகளிலேயே பார்க்கலாம், கீழே ஒன்றரைக் கல் சுவர், மேலே ஒரு கல் சுவர் (ஒரு கல் என்றால் ஒரு செங்கல்லின் நீளத் தடிமன்). அதே சிகாகோவில் மொனாட்நாக் என்று ஒரு கட்டடம், அதன் வடபாதி 1891-இல் முடிந்தது. 16 மாடியும் செங்கல் சுவரின் மேலேயே நிற்கிறது. அடியில் சுவரின் தடிமன் 6 அடி! ஆறடிச் சுவர் வைத்தால் கடைக்கு ஜன்னல் எங்கே, இடம் எங்கே? அதோடு சிகாகோ மண் நம் மண் மாதிரி இளகின களிமண். அந்தக் கட்டடம் நாளடைவில் 20 அங்குலம் போல இறங்கியது. இன்றும் நிற்கிறது, அது வேறு விஷயம். ஜென்னி செய்தது, சுமையைச் சுவரிடமிருந்து பிடுங்கி இரும்புச் சட்டத்திடம் கொடுத்தது. அடுத்த பதிலையும் படியுங்கள், என் அப்பா இதை என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: என் தாத்தா சாகும்வரை அதைப் 'பதினாலு மாடிக் கட்டடம்' என்றுதான் சொன்னார். நீங்கள் 12 என்று எழுதிவிட்டீர்கள். எது சரி? அதைக் கட்டிய கதையையும் சொல்லுங்கள். (ஓய்வு பெற்ற ஆசிரியர், திருத்துறைப்பூண்டி)

ஐயா, உங்கள் தாத்தாவைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. என் அப்பாவும் பதினாலு என்றுதான் சொல்வார். தரைத்தளத்தை மாடியாக எண்ணுவதா, மொட்டை மாடிக்கு மேலே நிற்கும் அறைகளைக் கணக்கில் எடுப்பதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். பன்னிரண்டு என்பது பதிவுகளில் வழங்கும் கணக்கு. போட்ட திட்டம் பதினெட்டு மாடி! உயரம் 177 அடி.

அதை நினைத்தவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் அவர்தான். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவர் கையில் இருந்தது. அந்த நிறுவனத்தின் தலைமையகமாகத்தான் மவுண்ட் ரோட்டில் 1953-இல் வேலை ஆரம்பித்தது. வரைபடம் போட்டவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மூலின் என்ற இருவர். 

ஆரம்பித்த மறு வருஷமே, 1954 மார்ச் 13-ஆம் தேதி, சிங்கப்பூர் கலாங் விமான நிலையத்தில் விமானம் இறங்கும்போது தீப்பிடித்து செட்டியார் இறந்துபோனார். 45 வயதுகூட நிறைந்திருக்கிறதோ இல்லையோ. மனை போட்டவர் நிலைவாசல் வைப்பதைப் பார்க்காமல் போவதை நம் ஊர்ப்பக்கம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம். இந்த வேலையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடத்தில் மனசு நின்றுவிடும்.

அப்புறம் 1956. ஆயுள் காப்பீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஜனவரியில் அவசரச் சட்டம், செப்டம்பர் 1-ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. பெரியதும் சின்னதுமாக 245 நிறுவனங்கள் அதில் கரைந்தன. யுனைடெட் இந்தியாவும் அதில் ஒன்று. பாதியில் நின்ற கட்டடமும் சேர்ந்தே எல்.ஐ.சி. கைக்கு வந்தது. லண்டன்காரர்கள் விலகிக்கொள்ள, சென்னையின் எல்.எம். சித்தாலே பொறுப்பேற்று முடித்தார். கட்டிக் கொடுத்தது கோரமண்டல் என்ஜினியரிங். 1959 ஆகஸ்ட் 23-ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். அதற்குப் பிறகு 30 வருஷத்துக்கு மேல் சென்னையில் அதைத் தாண்டி எந்தக் கட்டடமும் எழவில்லை.

சிகாகோவிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி, மெட்ராஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்பதைக் கவனித்தீர்களா? இது தற்செயல் இல்லை. இன்று கட்டுகிற பிரீமியத்துக்கு இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் பணம் தருவார்கள். அதுவரை அந்தப் பணம் எங்காவது அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நகரத்தின் நடுவில் ஒரு கட்டடம் அதற்குத் தோதான இடம். வாடகையும் வரும். 'இந்தக் கம்பெனி ஓடிப்போகாது' என்று பாலிசி எடுப்பவனுக்கு ஒரு தைரியமும் வரும். எங்கள் தெருவில் ஒரு ஏஜெண்ட் இருந்தார். அந்தக் கட்டடத்தின் படத்தைப் பைக்குள் வைத்திருப்பார். வட்டி, போனஸ் எல்லாம் சொல்லி ஆள் மசியவில்லை என்றால் கடைசியாக அந்தப் படத்தை எடுத்துத் திண்ணையில் வைப்பார்.

இனி என் கதை. 1964-இல் எனக்கு ஒன்பது வயது. அப்பா கொத்தனார். சைதாப்பேட்டையில் ஓர் உறவுக்காரக் கல்யாணம். கும்பகோணத்தில் ராத்திரி ரயில் ஏறினால் மாயவரம், சிதம்பரம், விழுப்புரம் வழியாக விடியற்காலையில் எழும்பூர். கல்யாண வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அப்பா என்னை மவுண்ட் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி ஒவ்வொரு ஜன்னல் வரிசையாக எண்ணினார். எண்ணி முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

பிறகு ரோட்டைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். தட்டிய சத்தத்திலேயே அவருக்குச் சுவரின் தடிமன் தெரியும். காவலுக்கு நின்றவரிடம் போய், "அய்யா, இந்தச் சுவரு எத்தனை கல்லுங்க?" என்று கேட்டார். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. சுண்ணாம்பில் ஊறிய கை அது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வாரக்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, உரலில் அரைத்து, தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி மட்டப்பா போடுகிறவர். ஒரு மட்டப்பாவைத் தாங்க எத்தனை கல் சுவர் வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. அந்தக் கணக்கில் இந்தக் கட்டடம் நிற்கவே கூடாது! "இவ்வளவு மெல்லிசா இருக்கே, எப்படிடா தம்பி நிக்குது?" என்று என்னைக் கேட்டார். ஒன்பது வயசுப் பையனுக்கு என்ன தெரியும்.

மறுநாள் கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிறார்கள். முதலில் பக்கவாட்டுக் கீற்றைக் கழற்றிப் போட்டார்கள். நாலு பக்கமும் திறந்துவிட்டது. ஆனால் பந்தல் அப்படியே நின்றது. மேலே கூரைக் கீற்று, குறுக்கு மூங்கில், கால்கள், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கையில் வெற்றிலையோடு பார்த்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று எழுந்துவிட்டார். "டேய், பந்தக்கால்டா அது! சுவரு வெறும் கீத்து. மறைப்புக்கு. தாங்கறதெல்லாம் உள்ளே நிக்கிற காலு" என்றார். பதினாலு பந்தலை ஒன்றின் தலையில் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பின்னாளில் பாலிடெக்னிக்கில் சட்டக் கட்டுமானம் (தூணும் விட்டமும் சேர்ந்த ஃபிரேம் சுமை தாங்குவது) பாடம் நடத்தியபோது எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. சுண்ணாம்பு, செங்கல் சுவரிலிருந்து கான்கிரீட் தூணுக்குச் சென்னை மாறிய இடம் அந்தக் கட்டடம். அந்த மாற்றம் ஒரு கொத்தனாரின் மண்டைக்குள் நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்பா அதற்குப் பிறகு ஐம்பது வயதில் கம்பி கட்டக் கற்றுக்கொண்டார்.

கேள்வி: எல்.ஐ.சி. கட்டடத்தில் தீ விபத்து நடந்ததாமே? அத்தனை பெரிய தீக்குப் பிறகு அதே கட்டடத்தை எப்படி நம்பிப் பயன்படுத்துகிறார்கள்? (குத்தாலம் வாசகர்)

1975 ஜூலையில் நடந்தது. பெரிய தீ. பழுது பார்த்து மறுபடியும் அலுவலகம் நடந்தது, இன்றும் நடக்கிறது.

நம்பலாமா என்றால், அங்கே பார்க்க வேண்டியது கம்பியைத்தான். கான்கிரீட் எரியாது. உள்ளே இருக்கும் கம்பி 550, 600 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் பாதி பலத்தை இழந்துவிடும். அந்தச் சூடு கம்பிக்குப் போய்ச் சேராமல் தடுப்பது மேலே இருக்கும் கான்கிரீட் போர்வை. நாங்கள் 'கவர்' என்போம். தூணுக்குக் குறைந்தது 40 மில்லிமீட்டர் கவர் வேண்டும். நம் ஊரில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தாங்கும் சிறு கட்டை) வாங்கக் காசு பார்த்துக்கொண்டு, கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டைச் சொருகி ஒப்பேற்றுகிறார்கள். கான்கிரீட் கொட்டும்போது யாராவது மிதித்தால் ஜல்லி நகர்ந்துவிடும், கம்பி பலகையில் படிந்துவிடும். சென்ட்ரிங் பிரித்த பிறகு அடியில் கம்பி பல்லைக் காட்டும். அதன்மேல் பூசி மறைத்துவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கவர் பிளாக் ஒன்று சில ரூபாய்தான்.

ஆனால் தீ என்றால் முதலில் ஆட்கள். நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2004 ஜூலை 16. எங்கள் ஊர்ப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அது வானளாவிய கட்டடம் இல்லை. மேல் தளத்தில் கீற்றுக் கூரை, இறங்குவதற்கு ஒடுக்கமான ஒரே படிக்கட்டு. அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் பிளான் என் கைக்கு வந்தாலும் முதலில் படிக்கட்டின் அகலத்தைத்தான் பார்க்கிறேன். இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்கிறேன். கட்டுகிறவருக்கு எரிச்சல் வரும், வரட்டும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் மனோரா கோபுரம் எட்டு மாடி. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் 216 அடி. இவை இருக்கும்போது 1959-இல் கட்டியதை 'முதல் உயரக் கட்டடம்' என்று கொண்டாடுவது சரியா? (பேராவூரணி வாசகர்)

நல்ல கேள்வி, ரோஷமான கேள்வி. கணக்கு சரிதான். 1010-இல் முடிந்த விமானம், 1959-இல் திறந்த கட்டடத்தைவிட 39 அடி உயரம். தஞ்சாவூர்க்காரனாக எனக்கும் பெருமைதான். ஆனால் விமானம் வேறு ஜாதி. கல்லின் மேல் கல், 13 நிலை, உள்ளே கூடாக இருக்கிறது. மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போவதால் சுமை தானாகவே நடுவில் அடங்குகிறது. மேல் நிலைகளில் யாரும் மேசை போட்டு உட்கார வேண்டியதில்லை. எல்.ஐ.சி.யில் பன்னிரண்டாம் தளத்திலும் ஆள் நடக்க வேண்டும், பீரோ வைக்க வேண்டும், தண்ணீர் ஏற வேண்டும். ஆட்கள் தினமும் புழங்கும் உயரம் என்ற வகையில் அது புதுசு.

கோயில் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். தஞ்சாவூர் நகரத்தின் தெற்கும் மேற்கும் வல்லத்துப் பக்கம் மேட்டுநிலம், செம்மண்ணும் சரளையும். வடக்கே வெண்ணாறு, வெட்டாறு தாண்டினால்தான் களிமண். ராஜராஜன் அத்தனை கருங்கல்லை நன்செய் வயலின் நடுவில் ஏற்றவில்லை.

மனோராவைப் பற்றி ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, நெப்போலியன் வீழ்ச்சியையும் ஆங்கிலேயர் வெற்றியையும் குறித்து எழுப்பியது. வாட்டர்லூ வெற்றிக்காக என்று பலரும் எழுதுகிறார்கள். கல்வெட்டில் இருக்கும் வருஷம் 1814. வாட்டர்லூ போர் 1815 ஜூனில்தான் நடந்தது. 1814-இல் நெப்போலியன் முதல் தடவை பதவி இழந்தான், அதுதான் பொருந்துகிறது. ஆறு பட்டை, ஏறத்தாழ 75 அடி, செங்கல்லும் சுண்ணாம்பும். போனால் அடிச்சுவரின் தடிமனைக் கையால் அளந்து பாருங்கள். மன்னார்குடி மாணவிக்குச் சொன்ன மொனாட்நாக் கணக்கு அங்கேயே கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: வலங்கைமான் பக்கம் வயலாக இருந்த இடம் வாங்கியிருக்கிறோம். கீழே கடை, மேலே மூன்று மாடி என்று ஆசை. மேஸ்திரி ஐந்தடி ஆழம் போதும் என்கிறார். போதுமா? (ஒரு குடும்பத் தலைவி)

அம்மா, ஐந்தடி ஆறடி என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். நம் களி, தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மே மாதம் வயலில் விரல் நுழைகிற வெடிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் அதே வெடிப்பு மூடிக்கொள்ளும். உங்கள் வீடு வருஷா வருஷம் அந்த மூச்சின்மேல் உட்காரப் போகிறது. மேல்வாகில் நிறுத்திய தூண் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். எல்லாத் தூணும் ஒரே அளவு ஏறி இறங்காது என்பதுதான் வினை.

நான் வேலையில் இருந்தபோது பார்த்த ஒன்று. ஒரு சிறு நகரத்தில், தூர்த்த குளத்தின் மேல் நான்கு மாடித் தங்கும் விடுதி. ஊரும் பேரும் வேண்டாம். இரண்டாம் வருஷக் கோடையில் ஒரு மூலை இறங்கியது. வராந்தாவில் கோலிக்குண்டை வைத்தால் அது தானாக உருண்டு அந்த மூலைக்குப் போய் நின்றது. முதலாளி என்னைக் கூட்டிப் போய் அதைக் காட்டினார். மனிதர் அழுதுவிட்டார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அதில் இருந்தது.

இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் ஒரு வழி கண்டது. அண்டர் ரீம்டு பைல் என்பார்கள். பைல் என்றால் மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண். கையால் சுற்றி மண்ணைத் துளைக்கும் ஆகரை வைத்து, உப்பிச் சுருங்கும் மேல்மண்ணைத் தாண்டிக் குழி போட்டு, அடியில் மட்டும் குழியைக் குடம் மாதிரி அகட்டிக் கான்கிரீட் நிரப்புவது. குடத்தின் அகலம் தண்டின் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு. மேல்மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும் குடம் அடியில் பிடித்துக்கொள்ளும். பந்தக்காலை ஆழமாக நட்டு அடியில் கல் கட்டினது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாடிக்கு இது போதுமா, இன்னும் ஆழமான பைல் வேண்டுமா என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் ஓர் அடி இறங்கச் சம்மட்டி எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போட்டாலும் நம்பாதீர்கள். மொத்தச் செலவில் இது தூசு.

மனையில் பெரிய வேப்பமரம் ஏதும் இருக்கிறதா? எழுதவில்லையே. இருந்தால் தூரத்தையும் குறியுங்கள். கோடையில் அடிமண்ணின் ஈரத்தை அது உறிஞ்சும், அந்தப் பக்கத்துத் தூண் மட்டும் இறங்கும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாம்.

தை அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் மனையின் மூலைக்கு ஒன்றாக நாலு இடத்தில் ஆகர் போட்டுப் பாருங்கள். எத்தனை அடியில் கறுப்புக் களி முடிந்தது, எத்தனை அடியில் மணல் வந்தது, எங்கே தண்ணீர் ஊறியது என்று ஒரு தாளில் எழுதி, நாலு குழியின் மண்ணிலும் ஒரு கைப்பிடி தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எனக்கு அனுப்புங்கள். பரிசோதனைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மேஸ்திரியிடம் அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.